எளாவூர் ஏரிக்கரைக்கு ஏற்ற படகு டிரெய்லர்: வாங்குவதா, பட்டறையில் செய்வதா?

பழவேற்காடு ஏரியின் தென்மேற்குக் கரையில் எளாவூர், சுண்ணாம்புகுளம், ஆரம்பாக்கம் பக்கம் இறால், நண்டு, மடவை பிடிக்கும் சிறு ஃபைபர் படகுகள் வருடத்தில் பலமுறை கரையேற வேண்டியிருக்கிறது. அடிப்பகுதியில் பாசியும் சிப்பியும் சுரண்ட, ஃபைபர் விரிசலை ஒட்ட, என்ஜினைப் பட்டறைக்குக் கொண்டுபோக, புயல் எச்சரிக்கை வந்தால் மேட்டுக்கு ஏற்ற என்று காரணங்கள் பல. இப்போது பெரும்பாலும் பத்துப் பன்னிரண்டு பேர் தோள் கொடுக்கிறார்கள். அல்லது டிராக்டரில் கயிறு கட்டி இழுக்கிறார்கள். ஆள் கூலி ஏறிவிட்டது. டிராக்டரில் தரையோடு தரையாக இழுத்தால் அடியிலுள்ள ஜெல்கோட் பூச்சு சிராய்ந்து, உள்ளே இருக்கும் கண்ணாடி நாரில் தண்ணீர் ஏறுகிறது. நாலைந்து முறை அப்படி இழுத்த படகு எடை கூடி, அதே என்ஜினில் வேகம் குறைவதைப் பலரும் பார்த்திருப்பார்கள்.

இதற்கு ஒரு டிரெய்லர் இருந்தால் நல்லது என்று நினைப்பவர்கள் முதலில் தீர்மானிக்க வேண்டியது ஒன்று: உங்களுக்குத் தேவை கரைவண்டியா, சாலை டிரெய்லரா? இரண்டும் வேறு வேறு பொருள்கள். ஒன்றைச் செய்து இரண்டுக்கும் பயன்படுத்தலாம் என்று தொடங்கினால், சேற்றில் புதைகிற, சாலையில் ஆடுகிற ஒரு வண்டிதான் கிடைக்கும்.

கரைவண்டி என்பது தண்ணீரிலிருந்து படகை ஏற்றி, ஐம்பது நூறு மீட்டர் தள்ளி நிறுத்தும் வண்டி. நடை வேகத்துக்கு மேல் ஓடாது. ஸ்பிரிங், விளக்கு, பேரிங் எதுவும் வேண்டாம். சென்னைத் துறைமுகத்தில் உள்ள ராயல் மெட்ராஸ் யாட் கிளப் போன்ற இடங்களில் சிறு பாய்மரப் படகுகளை இறக்குவது இந்த வகைத் தள்ளுவண்டியில்தான். சாலை டிரெய்லர் எளாவூரிலிருந்து கும்மிடிப்பூண்டிக்கோ, தடா வழியாக சூலூர்பேட்டைக்கோ 30, 40 கிலோமீட்டர் வேகத்தில் போக வேண்டியது. அதற்கு அச்சு, ஸ்பிரிங், விளக்கு, பதிவு எண், காப்பீடு எல்லாம் உண்டு.

என் கணிப்பில், ஒரே ஒரு படகு வைத்திருப்பவருக்குச் சாலை டிரெய்லர் கட்டுப்படியாகாது. வருடத்துக்கு இரண்டு மூன்று முறை ஊர்விட்டு ஊர் போக வேண்டுமானால் ஒரு மினி லாரியை வாடகைக்குப் பிடிப்பது மலிவு. அவருக்குக் கரைவண்டி போதும். எட்டுப் பத்துப் படகுக்காரர்கள் சேர்ந்தால், அல்லது கூட்டுறவுச் சங்கமோ சுயஉதவிக் குழுவோ எடுத்துச் செய்தால், சாலை டிரெய்லருக்கு வேலை இருக்கும்.

வாங்குவது என்றால்

படகுக்கென்றே செய்த டிரெய்லர் நம் பக்கத்துக் கடைகளில் அடுக்கி வைத்து விற்கும் பொருள் அல்ல. உல்லாசப் படகு விற்கும் நிறுவனங்கள் மூலம் வரவழைக்கலாம். அவை காருக்குப் பின்னால், சிமென்ட் சரிவுள்ள இறங்குதுறையில் இறக்குவதற்காகச் செய்தவை. சிறிய சக்கரம், தாழ்ந்த சட்டம். ஏரிக்கரைச் சேற்றில் அவை தாங்காது. நம் ஊரில் தாராளமாகக் கிடைப்பது விவசாய டிராக்டர் டிரெய்லர். பழைய டிரெய்லரை வாங்கித் தொட்டியைக் கழற்றிவிட்டுப் படகு ஏற்றலாம் என்று சிலர் யோசிப்பார்கள். அதன் தளம் இடுப்பளவு உயரம். படகை மிதக்கவிட்டு ஏற்ற வேண்டுமானால் டிரெய்லர் அந்த ஆழத்துக்குத் தண்ணீரில் இறங்க வேண்டும். பழவேற்காடு ஏரி பெரும்பகுதி இடுப்பளவு, மார்பளவு தண்ணீர்தான். கரையோரம் முழங்கால் ஆழம். அந்த ஆழம் கிடைக்கும் இடத்துக்குப் போவதற்குள் டிராக்டர் மாட்டிக்கொள்ளும். ஆகவே பழைய டிரெய்லரில் எடுத்துக்கொள்ளத் தக்கவை அச்சும், ஹப்பும், கொக்கியும் மட்டும். சட்டத்தைப் புதிதாகத் தாழ்வாகச் செய்வதே சரி.

பழைய அச்சு வாங்கும்போது சக்கரத்தை ஜாக்கியில் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் பேரிங் போய்விட்டது. சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரியக் கூடாது. சுத்தியலால் அச்சைத் தட்டினால் கணீரென்று ஒலிக்க வேண்டும்; பொத்தென்று ஒலித்தால் துரு உள்ளே தின்றிருக்கிறது என்று பொருள்.

எடையை முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

பட்டறைக்காரரிடம் போய் "இருபதடிப் படகுக்கு ஒரு வண்டி" என்று சொல்வதற்கு முன், உங்கள் படகின் எடையைத் தெரிந்துகொள்ள வேண்டும். மினி லாரியில் ஏற்றி எடைமேடையில் ஒருமுறை, இறக்கிவிட்டு ஒருமுறை நிறுத்தினால் போதும். செலவு மிகக் குறைவு. கும்மிடிப்பூண்டியில் சிப்காட் தொழிற்பேட்டை இருப்பதால் எடைமேடைக்கு அலைய வேண்டியதில்லை.

உதாரணத்துக்கு ஒரு கணக்கு. 6 மீட்டர் நீளப் படகு 350 கிலோ, அவுட்போர்டு என்ஜின் 40 கிலோ, 20 லிட்டர் பெட்ரோல் 15 கிலோ, வலை 80 கிலோ, நங்கூரம், கயிறு, பெட்டி 40 கிலோ என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 525 கிலோ. வலை நனைந்திருந்தால் இன்னும் கூடும். டிரெய்லரின் சொந்த எடை 250 கிலோ வரும். ஆக டிராக்டர் இழுப்பது 775 கிலோ. அச்சும் டயரும் இதற்கு மேல் குறைந்தது கால் பங்காவது கூடுதலாகத் தாங்கும்படி இருக்க வேண்டும். அதாவது ஒரு டன் தாங்கும் அச்சு.

அச்சு எங்கே நிற்க வேண்டும்?

டிரெய்லர் செய்பவர்கள் அதிகம் தவறு செய்வது இங்கேதான். மூட்டை ஏற்றும் வண்டியைப் போல அச்சை நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். படகில் என்ஜின் பின்னால் தொங்குவதால் எடை நடுவில் இருக்காது. அச்சுக்குப் பின்னால் எடை அதிகமானால் கொக்கி மேல்நோக்கித் தூக்கும்; கொஞ்சம் வேகம் எடுத்தாலே டிரெய்லர் பாம்புபோல் நெளியும். தேசிய நெடுஞ்சாலையில் லாரி உரசிக்கொண்டு போகும்போது அது உயிருக்கு ஆபத்து.

மொத்த எடையில் ஏழு முதல் பத்து சதவீதம் கொக்கியில் அமர வேண்டும். இதைக் கணக்கிட, படகின் சமநிலைப் புள்ளி தெரிய வேண்டும். என்ஜின், சாமான்களோடு படகை ஒரு உருண்டைக் குழாய்மேல் ஏற்றி முன்னும் பின்னும் உருட்டுங்கள். எந்த இடத்தில் அணியமும் பின்பக்கமும் சமமாக நிற்கிறதோ, அங்கே சாக்பீஸால் கோடு போடுங்கள். நம் உதாரணப் படகில் அது அணியத்திலிருந்து 3.6 மீட்டரில் இருக்கிறது என்று கொள்வோம். அணியத்துக்கு முன்னால் கொக்கி வரை 1 மீட்டர் விட்டால், கொக்கியிலிருந்து சமநிலைப் புள்ளி 4.6 மீட்டர். அச்சை அதற்கு 30 சென்டிமீட்டர் பின்னால், 4.9 மீட்டரில் வைத்தால் படகின் எடையில் 32 கிலோ கொக்கிக்கு வரும். டிரெய்லர் சட்டத்தின் எடையிலிருந்து இன்னொரு 25 கிலோ வரும். சேர்த்தால் 57 கிலோ, அதாவது 775-இல் ஏழு சதவீதத்துக்குச் சற்று மேல். அளவு சரி.

தூரப் பயணத்தில் என்ஜினைக் கழற்றி டிராக்டரிலோ வேறு வண்டியிலோ கொண்டுபோவது நல்லது. மேடுபள்ளத்தில் குதிக்கும்போது என்ஜின் மாட்டியிருக்கும் பின்பலகைதான் முதலில் விரிசல் விடும். என்ஜினை எடுத்துவிட்டால் சமநிலைப் புள்ளி 20 சென்டிமீட்டர் முன்னால் நகரும். கொக்கி எடை 75 கிலோ அளவுக்கு ஏறும். அது பத்து சதவீதம், பரவாயில்லை. எதிர்த்திசையில் போவதுதான் ஆபத்து. வலை முழுவதையும் பின்னால் குவித்துக்கொண்டு கிளம்புவது அந்த வகை. வலையை அச்சுக்கு முன்னால் பரப்புங்கள்.

அச்சைச் சட்டத்தோடு வெல்டிங் வைத்து நிரந்தரமாக ஒட்டிவிட வேண்டாம். ஸ்பிரிங் தாங்கிகளை யு போல்ட்டால் பிடித்தால் முன்னும் பின்னும் ஒரு சாண் நகர்த்த முடியும். கொக்கி முனையை ஒரு சாதாரண எடைமெஷின்மேல் கட்டை வைத்து நிறுத்திப் பார்த்து, அளவு வந்த பிறகு முடுக்குங்கள். பல படகுகளுக்குப் பொதுவாகச் செய்யும் டிரெய்லருக்கு இது கட்டாயம்.

சட்டம், இரும்பு, துரு

கொக்கியிலிருந்து பின்பக்கம் வரை ஓடும் நடுத்தண்டுக்கு 100 மில்லிமீட்டர் சி சேனல், பக்கச் சட்டங்களுக்கும் குறுக்குச் சட்டங்களுக்கும் 75 மில்லிமீட்டர் சேனல் போதும். முதலாவது மீட்டருக்கு ஒன்பதரை கிலோ, இரண்டாவது ஏழு கிலோ அளவில் இருக்கும். 7 மீட்டர் நடுத்தண்டு, 4 மீட்டரில் இரண்டு பக்கச் சட்டம், 1.2 மீட்டரில் மூன்று குறுக்குச் சட்டம் என்றால் ஏறக்குறைய 150 கிலோ இரும்பு. பட்டறைக்காரர் சொல்லும் விலையை இந்த எடையோடு ஒப்பிட்டுப் பாருங்கள். அன்றைய இரும்பு விலையால் பெருக்கினால் கூலி எவ்வளவு என்று உங்களுக்கே தெரிந்துவிடும்.

பார்வைக்கு அழகாக இருக்கிறது என்று சதுரக் குழாயில் செய்யச் சொல்கிறவர்கள் உண்டு. குழாய் உள்ளிருந்து துருப்பிடிக்கும். வெளியே பெயின்ட் பளபளவென்று இருக்கும்போதே ஒரு நாள் மடங்கிவிடும். பழவேற்காடு ஏரியில் உப்பு ஒரே சீராக இருப்பதில்லை. வடகிழக்குப் பருவமழையில் ஆரணியாறும் காளங்கியும் கொண்டுவரும் வெள்ளத்தால் கிட்டத்தட்ட நன்னீராகிவிடும். கோடையில் தண்ணீர் வற்றி, இடத்துக்கு இடம் கடல்நீரையும் மிஞ்சி உப்பேறும். அந்தக் கோடை உப்பில் நனைந்து காய்ந்து நனைகிற இரும்புக்கு ஆயுள் குறைவு. திறந்த சி சேனல் என்றால் துரு கண்ணுக்குத் தெரியும், கம்பி பிரஷ் போட்டுத் தேய்க்க முடியும்.

கையில் கொஞ்சம் கூடுதல் பணம் இருந்தால் பெயின்ட்டை விட்டுவிட்டு, சட்டம் முழுவதையும் சூடான துத்தநாகத்தில் முக்கி எடுக்கும் கால்வனைஸிங் செய்துவிடுங்கள். சென்னையைச் சுற்றியுள்ள தொழிற்பேட்டைகளில் கிலோ கணக்கில் கூலி வாங்கிச் செய்து தருகிறார்கள். எல்லா வெல்டிங்கும், எல்லாத் துளையும் முடிந்த பிறகே அனுப்ப வேண்டும். முக்கிய பின் வெல்டிங் வைத்தால் அந்த இடத்துப் பூச்சு போய்விடும். எழும் துத்தநாகப் புகை வெல்டருக்குக் காய்ச்சலையும் கொடுக்கும். எங்காவது மூடிய குழாய் இருந்தால் காற்று வெளியேறத் துளை போட்டிருக்க வேண்டும். இல்லையென்றால் உருகிய துத்தநாகத்தில் அது வெடிக்கும். அவர்களே வாங்க மறுப்பார்கள். விளக்கு ஒயர் கட்டவும் நம்பர் பிளேட் மாட்டவும் துளைகளை மறந்துவிடாதீர்கள்.

படகு உட்காரும் இடம்

ஃபைபர் படகின் எடையை ஏராக்கட்டை தாங்க வேண்டும். பக்கங்கள் சாயாமல் பிடித்தால் மட்டும் போதும். நடுத்தண்டின்மேல் மூன்று நான்கு நைலான் உருளைகள் வையுங்கள். லேத்தில் கடைந்து தருவார்கள். இரு பக்கமும் நீளவாக்கில் இரண்டு மரக்கட்டைகள் வேண்டும். பனஞ்சட்டம் உப்பைத் தாங்கும். அதன்மேல் பழைய கன்வேயர் பெல்ட் ரப்பரைப் போர்த்தி, துருப்பிடிக்காத எஃகு ஸ்க்ரூவில் பொருத்துங்கள். கார்ப்பெட், சாக்கு வேண்டாம். உப்புநீரைப் பிடித்துவைத்துக்கொண்டு படகையும் இரும்பையும் சேர்த்துக் கெடுக்கும். கட்டை படகின் பின்பலகை வரை நீள வேண்டியது அவசியம். பின்பக்கம் ஒரு முழம் அந்தரத்தில் நின்றால், என்ஜின் எடையில் படகின் அடி வளைந்துவிடும்.

முன்னால் ஒரு கைவின்ச், அணியம் முட்டி நிற்க ஒரு ரப்பர் தாங்கி. வின்ச் ஏற்றுவதற்கு மட்டும். பயணத்தில் அந்தக் கயிற்றை நம்பிப் போகக் கூடாது. படகை டிரெய்லரோடு முன்னால் ஓரிடத்திலும் பின்னால் ஓரிடத்திலும் தனியாகப் பட்டையால் கட்ட வேண்டும். கொக்கிப் பின்னுக்குப் பூட்டுக் கிளிப்பும், டிராக்டரோடு பிணைக்க இரண்டு சங்கிலியும் வைத்துக்கொள்ளுங்கள். பின் கழன்றாலும் சங்கிலி விடாது.

சக்கரமும் சேறும்

சாலை டிரெய்லருக்கு டாடா ஏஸ் வண்டியின் 145 ஆர் 12 எல்டி டயர் பொருத்தம். எங்கும் கிடைக்கும், பஞ்சர் கடைக்காரருக்கும் பழக்கம். பழைய கார் டயர் மலிவு, ஆனால் சுமை தாங்காது. இந்தச் சிறிய சக்கரம் சேற்றில் புதையும் என்பதால், சாலை டிரெய்லரைக் கெட்டித் தரையில் நிறுத்திவிட்டு, படகைக் கரைவண்டியில் அங்குவரை கொண்டுவந்து மாற்றுவதுதான் நடைமுறை. ஏப்ரல் முதல் ஜூன் வரை தண்ணீர் பின்வாங்கி, கரைக்கும் தண்ணீருக்கும் நடுவே அகலமான சேற்றுப்படுகை விழும் காலத்தில் வேறு வழியே இல்லை.

கரைவண்டிக்கு மாட்டு வண்டியில் போடும் 19 அங்குல டயர் சக்கரம் எடுபடும். காற்றைக் குறைத்து ஓட்டினால் மணலில் பரந்து நிற்கும். அச்சுக்கு ஒரு கனத்த ஜிஐ குழாய், ஹப்புக்குள் பேரிங்குக்குப் பதில் லேத்தில் கடைந்த நைலான் புஷ். நடை வேகத்துக்கு அது தாராளம். உப்புநீரில் கிடந்தாலும் துருப்பிடிக்க ஒன்றுமில்லை. தேய்ந்தால் ஒரு புஷ் கடைந்து போட்டுக்கொள்ளலாம். டிராக்டரைச் சேற்றில் இறக்காதீர்கள். அது மேட்டிலேயே நிற்கட்டும். கரைவண்டியைப் பதினைந்து மீட்டர் கயிற்றில் இழுங்கள். இழுக்கும்போது கயிற்றின் இரு பக்கமும் யாரும் நிற்கக் கூடாது. அறுந்த நைலான் கயிறு சாட்டை மாதிரி திரும்பி வரும்.

சாலை டிரெய்லரைத் தண்ணீரில் இறக்கியே ஆக வேண்டுமென்றால், ஓடி வந்த சூட்டோடு இறக்க வேண்டாம். சூடான ஹப் திடீரெனக் குளிரும்போது உள்ளே உள்ள காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புநீரை உறிஞ்சிக்கொள்ளும். அரை மணி நேரம் ஆறவிடுங்கள். நீர் கரைக்காத மரைன் கிரீஸ் போடுங்கள். ஒவ்வொரு முறையும் நன்னீரில் கழுவ வேண்டும். பேரிங் எண்ணைச் சட்டத்திலேயே பெயின்டால் எழுதி வைத்து, ஒரு ஜோடி உபரியாக வைத்திருந்தால் நடுவழியில் அலைய வேண்டாம்.

சாலையில் ஓட்ட என்ன வேண்டும்?

1988 மோட்டார் வாகனச் சட்டத்தின்படி, மோட்டார் வாகனத்தால் இழுக்கப்படும் டிரெய்லரும் ஒரு வாகனம்தான். 39-ஆம் பிரிவின்படி பதிவு இல்லாமல் பொதுச் சாலையில் ஓட்டக் கூடாது. 146-ஆம் பிரிவின்படி மூன்றாம் நபர் காப்பீடும் வேண்டும். பட்டறையில் நாமே செய்த டிரெய்லருக்குப் பதிவு வாங்குவது எளிதல்ல. பதிவுக்குத் தயாரிப்பாளர் தரும் தகுதிச் சான்று கேட்பார்கள். தெருவோர வெல்டிங் பட்டறையால் அதைத் தர முடியாது. அதனால் சாலைக்கு என்று தீர்மானித்தால், அங்கீகாரம் பெற்ற டிரெய்லர் தயாரிப்பாளரிடம் மேற்சொன்ன அளவுகளைக் கொடுத்துச் செய்து வாங்குங்கள். முன்பணம் கொடுப்பதற்கு முன், வரைபடத்தோடு வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். ஏரியின் பெரும்பகுதி ஆந்திரத்தில் இருக்கிறது. எளாவூர் சோதனைச்சாவடியைத் தாண்டி எல்லை கடப்பவர்கள் டிரெய்லரின் ஆவணங்களோடு படகின் பதிவுச் சான்று நகலும் வைத்திருப்பது நல்லது.

வண்டியின் அகலம் 2.6 மீட்டரைத் தாண்டக் கூடாது. நம் சிறு படகுகளுக்கு அது சிக்கலில்லை. பின்னால் சிவப்பு விளக்கும் பிரதிபலிப்பானும் அவசியம். படகு ஏற்றியதும் டிராக்டரின் பின்விளக்கு மறைந்துவிடும். விளக்கில்லாத டிரெய்லர்மேல் இரவில் வண்டி மோதுவது நம் சாலைகளில் புதிதல்ல. விளக்குகளை ஒரு கழற்றிப் பலகையில் பொருத்தி, படகின் பின்பலகையில் தொங்கவிட்டால் தண்ணீரில் நனையாது.

மானியம் கிடைக்கும் என்று யாராவது வாய்வார்த்தையாகச் சொன்னதை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். மத்ஸ்ய சம்பதா திட்டத்தில் பொதுப் பிரிவுக்கு 40 சதவீதமும், பெண்கள், பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 60 சதவீதமும் மானியம் உண்டு. ஆனால் அது திட்டப் பட்டியலில் உள்ள பொருளுக்கு, முன் அனுமதியோடு மட்டுமே. மீன்வளத்துறை அலுவலகத்தில் குழுவாகப் போய் எழுத்தில் கேளுங்கள்.

புயல் வரும்போது

2016 டிசம்பர் 12 அன்று வர்தா சென்னை அருகே கரை கடந்தது. 2023 டிசம்பர் 5 அன்று மிக்ஜாம் பாபட்லா அருகே கரை கடந்தது. அதற்கு முந்தைய இரண்டு நாளும் சென்னை, திருவள்ளூர் மாவட்டங்களை மழையில் மூழ்கடித்தது. இரண்டுமே நம் கரைக்கு டிசம்பரில் வந்தவை. அக்டோபர் பிறப்பதற்குள் டிரெய்லரின் டயர், பேரிங், வின்ச் மூன்றையும் பார்த்துவிடுங்கள். பல படகுக்கு ஒரு டிரெய்லர் என்றால், எந்தப் படகு முதலில் ஏறும் என்பதையும் அப்போதே பேசி எழுதிக்கொள்ளுங்கள். எச்சரிக்கைக் கூண்டு ஏற்றிய பிறகு பேசினால் சண்டைதான் மிஞ்சும். தாழ்வான இடத்தில் நிற்கிற படகும், என்ஜின் கழற்ற முடியாத படகும் முதலில் என்பது நியாயமான வரிசை.

மேட்டில் நிறுத்திய பிறகு படகின் வடிகால் அடைப்பானைக் கழற்றிவிட வேண்டும். 6 மீட்டர் நீளப் படகின் வாய் ஏழு சதுர மீட்டர் இருக்கும். 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் அதில் 700 லிட்டர் தண்ணீர் நிற்கும். அது 700 கிலோ. படகின் எடையைவிட அதிகம். அச்சு வளையும், கட்டை முறியும். சக்கரங்களின் காற்றை இறக்கி, சட்டத்தை நான்கு மூலையிலும் தரையில் அடித்த முளைகளோடு கட்டுங்கள். என்ஜினை வீட்டுக்குக் கொண்டுபோய்விடுங்கள். காற்று ஓய்ந்ததும் டயருக்குக் காற்றடிக்க ஒரு கைப்பம்ப்பும் அங்கேயே இருக்கட்டும், ஏனென்றால் அன்றைக்குக் கரன்ட் இருக்காது.